ரியல் எஸ்டேட் பயிற்சி வகுப்புக்குப் பெரிய தொகை கட்டலாமா?

கட்ட வேண்டாம் என்பதே என் பதில். இலவச அறிமுகக் கூட்டம் பெரும்பாலும் விற்பனை மேடைதான். அங்கிருந்து மூன்று நாள் வகுப்பு, அப்புறம் ‘தனிப்பட்ட வழிகாட்டுதல்’ என்று தொகை ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் டிரம்ப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நடந்த பயிற்சியின் உச்சகட்டத் திட்டத்துக்கு விலை 34,995 டாலர். சேர்ந்தவர்கள் ஏமாற்றப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்குகள், 2016-இல் 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன.

எனக்கு மிகவும் கவலை தருவது, கிரெடிட் கார்டு வரம்பை உயர்த்தச் சொல்லி அந்தக் கடனிலேயே கட்டணத்தை வாங்குவது. முதல் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் கடன் தகுதி கரைந்துவிடும். ‘இன்றே சேர்ந்தால் சலுகை’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? சரி, ஒப்பந்தத்தில் ரத்து செய்யக் கெடு எத்தனை நாள் என்று இன்றைக்கே பார்த்து, எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.