ரூட் கனால் முடிந்தும் வேர் நுனியில் கறுப்பு நிழல்: பல்லை எடுக்க வேண்டுமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கனால் செய்து மூன்று மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் இன்னும் இருக்கிறது. அழுத்திக் கடித்தால் லேசாக வலிக்கிறது. நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, பிறகு ஏன் வலி? பல்லையே எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க அவசரப்படாதீர்கள். மூன்றாம் மாத எக்ஸ்ரேயை மட்டும் வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பல்லை எலும்போடு பிடித்து வைப்பது அதுதான். அதற்குத் தனி நரம்பும் ரத்த ஓட்டமும் உண்டு. மெல்லும்போது ஒரு மணல் துகள் சிக்கினால்கூடத் தெரிகிறதே, அது இந்தத் திசுவின் வேலை. சிகிச்சையின்போது வேர் நுனி வழியாகக் கொஞ்சம் கழிவோ மருந்தோ வெளியே தள்ளப்பட்டால் இந்தத் திசு வீங்கும். முதல் சில நாள் வலி பெரும்பாலும் இதனால்தான்.

சரி, நிழல்? அது எலும்பு கரைந்த இடம். கரைத்தது கிருமி அல்ல, நம் உடம்பேதான். வேருக்குள் இருக்கும் கிருமியை எதிர்க்கும் செல்களுக்கு இடம் விட்டு எலும்பு பின்வாங்குகிறது. 1965-இல் எலிகளை வைத்து நடந்த ஒரு சோதனை இங்கே முக்கியம். பல்லைத் துளைத்துத் திறந்து விட்டபோது, சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்த நாளமும் இருக்கும் மென்திசு) அழுகி வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கோ காயம் தானாக மூடிக்கொண்டது. அதாவது, உடம்பைத் தூண்டிவிடுவது கிருமிதான்; வேருக்குள் அது ஒழிந்தால் வெளியே எலும்பு திரும்ப வளரும்.

ஆனால் மெதுவாக. முதலில் அழற்சி அடங்கி, சேதமான திசு அகல வேண்டும். அப்புறம் எலும்புச் செல்கள் மென்மையான புது எலும்பைப் போடும்; அதில் கால்சியம் படிந்து இறுகிய பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். ஆறு மாதம், ஒரு வருடத்தில் நிழல் சுருங்குவது வழக்கம். பெரிய நிழல் மறைய நான்கு வருடம்கூட ஆகலாம். சில சமயம் எலும்புக்குப் பதில் தழும்புத் திசு நிரம்பி, சின்ன நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால் கெடுதல் இல்லை.

உங்கள் கடிவலிதான் எனக்கு உறுத்துகிறது. மூன்று மாதம் கழித்தும் இருப்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடைப்போ கேப்போ சற்று உயரமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்வது எளிது. கேப் இன்னும் போடவில்லை என்றால் பல் விரிசல் விட வாய்ப்பு அதிகம். வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்களில் ஒன்று சுத்தம் செய்யாமல் விடுபட்டிருந்தாலும் இப்படி வலிக்கும். கீழ்க் கடைவாயில் நான்காவது குழாய் கண்ணில் படாமல் போவது புதிதல்ல. அப்போதும் மறு சிகிச்சை, வேர் நுனி அறுவை ஆகிய வழிகள் உண்டு. வேர் வரை பிளந்த பல்லைத்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். நரம்பு எடுத்த வேருக்குள் ரத்த ஓட்டமே இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. ஈறில் சீழ்க் கொப்புளமோ முகத்தில் வீக்கமோ வந்தால் உடனே போங்கள். மற்றபடி, அடுத்த எக்ஸ்ரேயைப் பழையதன் அதே கோணத்தில் எடுக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.