கிளுவைப் போத்து அழுகுதா? தண்ணியை நிறுத்துங்க

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் மாடு மேயுற கொறங்காட்டுக்குக் கிளுவை முள்ளுச்செடியில வேலி நட்டு, தினமும் தண்ணி ஊத்தியும் போத்து, அதான் நடுற குச்சி, அடியில அழுகுதுன்னு கேட்டிருக்கீங்க. அந்தத் தண்ணிதானுங்க கெடுக்குது. கிளுவைத் தண்டு வேண்டிய ஈரத்தை உள்ளேயே வச்சிருக்கும். முத்தின போத்தா வெட்டி, வெட்டுவாய் காயிற வரைக்கும் நிழல்ல போட்டு வைங்க. மழைக்கு முன்னால நெருக்கமா ஊனி, மண்ணை நல்லா மிதிச்சு விட்டாப் போதும்.

இலை உதிர்ந்தா செத்துப்போச்சுன்னு புடுங்கிராதீங்க. வறட்சியில அது இயல்பு. நகத்தால கீறிப் பாருங்க, உள்ளே பச்சையா இருந்தா உசுரு இருக்கு.

சலிச்சுப்போயி கம்பிவேலிக்கு மட்டும் மாறிராதீங்க. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் நிக்கிற காட்டுக்குக் கிளுவைதான் பொருத்தம். ஓணான், குருவியெல்லாம் அதுலதானுங்க குடியிருக்குது. மழை பெஞ்சதும் எத்தனை துளிர்த்துச்சுன்னு எழுதுங்க.