அரிய ஒயின் வாங்கப் போகிறீர்களா? மூலப்பத்திரம் எங்கே?

விலை உயர்ந்த ஒயின், பெரிய உணவகம் இவற்றைப் பற்றிப் பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். இதில் புழங்கும் பணம் பெரிது. விவரம் தெரியாமல் இழப்பவர்களும் அதிகம்.

கேள்வி: நண்பரின் நண்பர் ஒருவரிடம் 1982 ஷாட்டோ லஃபீத் ரோத்ஷீல்ட் இரண்டு பாட்டில் இருக்கிறது. காலமான தன் முதலாளியின் வீட்டு நிலவறையில் இருந்தவையாம். சந்தை விலையில் பாதிக்குத் தருகிறேன் என்கிறார். நேரில் பார்த்தேன், லேபிள் புதிது போலப் பளிச்சென்று இருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பாதி விலை என்பதே முதல் எச்சரிக்கை. லஃபீத், பிரான்ஸின் போர்டோ பகுதிப் பண்ணைகளை வகுப்பு பிரித்த 1855 தரவரிசையில் முதல் வகுப்பில் இடம்பெற்ற பண்ணை. 1982 போர்டோவின் பேர்பெற்ற அறுவடைகளில் ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்த பாட்டில் என்ன விலை போகிறது என்று ஃபோனிலேயே தேடிப் பார்த்துவிடலாம். அது தெரிந்தும் ஒருவர் பாதிக்குத் தருகிறார் என்றால் ஏதோ காரணம் இருக்கிறது. கிறிஸ்டீஸ், சோத்பீஸ் போன்ற ஏல நிறுவனங்களுக்குப் படமும் விவரமும் அனுப்பினால் மதிப்பீடு சொல்வார்கள். "ஏலத்துக்கு ஏன் அனுப்பவில்லை?" என்று அவரிடம் நேராகவே கேளுங்கள்.

ஊரில் நிலம் வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் யாராவது முன்பணம் கொடுப்போமா? பழைய ஒயினும் அப்படித்தான். பண்ணையை விட்டு வந்த நாளிலிருந்து அது யார் யாரிடம் இருந்தது, எந்தக் கிடங்கில் இருந்தது, எப்போது கைமாறியது என்பதற்குக் காகிதம் வேண்டும். முதலாளி வாங்கிய கடையின் பில், கிடங்கு வாடகை ரசீது, ஏலத்தில் எடுத்தது என்றால் அந்த ஏலத்தின் லாட் எண், இப்படி ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும். இறந்தவரின் சொத்தை விற்க இவருக்கு உரிமை இருக்கிறதா? 2021-இல் ஸ்பெயினின் காசெரஸ் நகரில் உள்ள ஆட்ரியோ உணவகத்தின் நிலவறையிலிருந்து 45 பாட்டில்கள் திருடு போயின. 1806-ஆம் ஆண்டின் ஷாட்டோ திக்கெம் ஒன்றும் அதில் அடக்கம். பாரிஸின் லா தூர் தார்ழான் உணவகம் தன் நிலவறையில் 83 பாட்டில்களைக் காணவில்லை என்று 2024 ஜனவரியில் புகார் கொடுத்தது, மதிப்பு 15 லட்சம் யூரோ. களவு போன பாட்டில் இப்படித்தான், "தெரிந்தவர் மூலமாக" வாங்குபவர் வீட்டுக்கு வந்து சேரும்.

அப்புறம், போலி. ருடி குர்னியவான் என்பவர் 2006-இல் நியூயார்க்கில் நடந்த இரண்டு ஏலங்களில் மட்டும் 3.5 கோடி டாலருக்கு மேல் ஒயின் விற்றார். அவர் எப்படி மாட்டினார் தெரியுமா? 2008-இல் அவர் ஏலத்துக்குக் கொடுத்த, பிரான்ஸின் பர்கண்டி பகுதி ஒயின்களில், பொன்சோ பண்ணையின் "க்ளோ சான் டெனி" தோட்டத்து ஒயின் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளைப் போட்டு இருந்தது. அந்தப் பண்ணை அந்தத் தோட்டத்திலிருந்து ஒயின் தயாரிக்கத் தொடங்கியதே 1980-களில்தான். பண்ணையின் உரிமையாளர் லோரான் பொன்சோ விமானம் ஏறி ஏலக்கூடத்துக்கே வந்தார், பாட்டில்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. 2012-இல் கலிஃபோர்னியாவில் குர்னியவானின் வீட்டைச் சோதித்தபோது கட்டுக் கட்டாகப் போலி லேபிள்கள், ரப்பர் முத்திரைகள், பசை, பழைய கார்க்குகள் எல்லாம் கிடைத்தன. 2014-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை. அவரிடம் வாங்கியவர்கள் பலர் பல வருடம் ஒயின் குடித்துப் பழகியவர்கள். நாக்கை மட்டும் நம்பி யாரும் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் பாட்டில். நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். போர்டோ பாட்டிலுக்குக் கழுத்தும் தோளும் உண்டு. 40 வருடத்துக்கு மேலான பாட்டிலில் ஒயின் தோளின் மேல்பகுதி வரை இறங்கியிருப்பது இயல்பு. நடுத்தோளுக்கும் கீழே போயிருந்தால் கார்க் வழியாகக் காற்று புகுந்திருக்கிறது, வேண்டாம். மூடியுறையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பு இருந்தால் எப்போதோ வெப்பத்தில் ஒயின் கசிந்திருக்கிறது. லேபிள் பளிச்சென்று இருப்பதையும் நான் நல்ல அறிகுறியாக எடுக்க மாட்டேன். ஈரப்பதம் உள்ள நிலவறையில் இத்தனை காலம் கிடந்த லேபிளில் பெரும்பாலும் கறையோ பூஞ்சைத் தடமோ இருக்கும். வறண்ட, வெப்பமான வீட்டு அலமாரியில் இருந்த லேபிள்தான் இப்படி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே ஒயின் கெட்டிருக்கும். காகிதமும் வந்து, பாட்டிலும் சரியாக இருந்தால் முழு விலை கொடுத்தே வாங்குங்கள், தப்பில்லை.

கேள்வி: ஒரு நிறுவனத்திலிருந்து அடிக்கடி ஃபோன் வருகிறது. பீப்பாயில் இருக்கும்போதே போர்டோ ஒயின் வாங்கி வைத்தால் வருடத்துக்கு 12 சதவீதம் லாபம், வரியும் இல்லை என்கிறார்கள். 8,000 பவுண்டு போடச் சொல்கிறார்கள். நம்பலாமா?
வாசகி, குராய்டன்

பதில்: பீப்பாயில் இருக்கும்போது வாங்குவது நிஜமான, பழைய வியாபாரம்தான். "ஆன் பிரிமேர்" என்பார்கள். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் வியாபாரிகள் பீப்பாயிலிருந்து ருசி பார்ப்பார்கள், பண்ணைகள் விலை அறிவிக்கும், நீங்கள் பணம் கட்டுவீர்கள், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து பாட்டில் வரும். சிக்கல் இந்த இரண்டு வருடத்தில்தான். உங்களிடம் இருப்பது ரசீது மட்டுமே. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிரீமியர் குரு என்றொரு கடை இப்படி வராத ஒயினை வருடக்கணக்கில் விற்றது. புது வாடிக்கையாளரின் பணத்தில் பழையவருக்கு பாட்டில் வாங்கிக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார் அதன் உரிமையாளர். 2016-இல் கடை திவாலானது, அதே வருடம் அவருக்கு ஆறரை ஆண்டு சிறை.

பிரிட்டனில் ஒயின் முதலீட்டை, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ அமைப்பு ஒழுங்குபடுத்துவதில்லை. வங்கி திவாலானால் கிடைக்கும் இழப்பீட்டுத் திட்டம் இதற்குக் கிடையாது. இணையத்திலோ ஃபோனிலோ வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாம் என்ற உரிமையை நம்பியும் இறங்காதீர்கள். சந்தையைப் பொறுத்து மதிப்பு ஏறி இறங்கும் மதுவுக்கு இப்போது விலை பேசி, 30 நாளுக்குப் பிறகுதான் ஒப்படைப்பு என்றால் அந்த உரிமை இல்லை என்று 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளிலேயே இருக்கிறது. ஃபோனில் பேசுபவர் இதைச் சொல்ல மாட்டார்.

12 சதவீதம் என்று யாராலும் உறுதி தர முடியாது. 2022-இன் பிற்பகுதியில் உச்சம் தொட்ட அரிய ஒயின் விலைகள் அதன் பிறகு கணிசமாகச் சரிந்தன. வெளியீட்டின்போது வாங்கியவர்கள் பலர், பாட்டில் வந்த பிறகு அதே ஒயின் கடையில் இன்னும் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்தார்கள். வரி இல்லை என்பதும் பாதி உண்மை. 50 வருடத்துக்குள் கெட்டுப்போகும் பொருள் என்று கருதப்படும் ஒயினுக்கு மூலதன லாப வரி விலக்கு கிடைக்கலாம், நீண்ட ஆயுள் கொண்ட அரிய ஒயினுக்குக் கிடைக்காமலும் போகலாம்.

குடிப்பதற்காக வாங்க ஆசை இருந்தால், பல வருடமாகத் தொழிலில் இருக்கும் கடையில், ஒரே ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். ஒயின் வந்ததும் சுங்கக் கிடங்கில் உங்கள் சொந்தப் பெயரில் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். கடையின் மொத்த இருப்பில் கலந்து கிடந்தால், கடை மூழ்கும்போது உங்கள் ஒயினும் மூழ்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் கிடங்கில் ஒரு ரொட்டேஷன் எண் தருவார்கள். அந்த எண்ணை வைத்துக் கிடங்குக்கே ஃபோன் செய்து, பெட்டி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடங்கில் இருக்கும்வரை தீர்வையும் வாட் வரியும் கட்ட வேண்டாம். வெளியே எடுக்கும்போது பாட்டிலுக்குச் சுமார் 3 பவுண்டு தீர்வை, மொத்தத்தின் மேல் 20 சதவீத வாட். இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். அந்த ஃபோன் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

கேள்வி: திருமண நாளுக்கு லண்டன் மேஃபேரில் ஒரு மிஷலின் நட்சத்திர உணவகத்தில் இடம் பதிவு செய்திருக்கிறேன். ஒயின் பட்டியல் புத்தகம் போல இருக்கிறது. விலை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பாட்டில் பிடிக்கவில்லை என்றால் திருப்பலாமா?
வாசகர், வெம்ப்ளி

பதில்: கூச்சமே வேண்டாம். ஒயினைப் பரிந்துரைக்கும் சோமலியரின் வேலையே உங்கள் பணத்துக்கு நல்லதை எடுத்துத் தருவதுதான். பட்டியலைத் திருப்பி அவரிடம் காட்டி, ஒரு விலையின் மேல் விரலை வைத்து "இந்த அளவில் எங்கள் சாப்பாட்டுக்கு எது சரியாக இருக்கும்?" என்று கேளுங்கள். மனைவிக்கு எதிரில் தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. வாயால் சொல்வதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு விருந்தில் பரிந்துரை கேட்டவருக்கு "தர்ட்டி செவன் ஃபிஃப்டி" என்று காதில் விழுந்தது. 37 டாலர் 50 சென்ட் என்று நினைத்து சரி என்றார். பில் வந்தபோது அது 3,750 டாலர்.

பாட்டிலைக் கொண்டுவந்து காட்டும்போது சும்மா தலையாட்டாதீர்கள். பண்ணையின் பெயர், ஆண்டு இரண்டையும் படியுங்கள். 2019-இல் ஹாக்ஸ்மூர் உணவகத்தின் மான்செஸ்டர் கிளையில் 260 பவுண்டு பிஷோன் லலாந்து கேட்டவருக்கு, 4,500 பவுண்டு லெ பின் பாட்டிலைத் தவறுதலாகத் திறந்துவிட்டார்கள். இரண்டுமே 2001 போர்டோ. உணவகம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திறக்கும் முன் நீங்கள் படித்துச் சரி சொன்ன பாட்டில் உங்களுடையது.

முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது, ஒயின் கெட்டிருக்கிறதா என்று பார்க்க. பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்ப முடியாது. ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி வாடையோ ஈரச்சாக்கு வாடையோ வந்தால் கார்க் கெடுத்த ஒயின் அது, உடனே சொல்லுங்கள். டிசிஏ என்ற வேதிப்பொருள் செய்யும் வேலை. சந்தேகமாக இருந்தால் "நீங்களும் ஒருமுறை பாருங்களேன்" என்று சோமலியரிடமே கொடுங்கள். நல்ல இடத்தில் மறுபேச்சு இல்லாமல் மாற்றுவார்கள். பாதி பாட்டில் குடித்த பிறகு சொன்னால் எடுபடாது.

பில்லில் ஒன்றைக் கவனியுங்கள். லண்டனில் 12.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள், அது ஒயினுக்கும் சேர்த்துத்தான். 300 பவுண்டு பாட்டிலுக்கு மட்டும் 37 பவுண்டு 50 பென்ஸ் ஏறும். "விருப்பத்தின் பேரில்" என்று போட்டிருந்தால் குறைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பாரிஸில் இந்தத் தொல்லை இல்லை, பட்டியலில் உள்ள விலையிலேயே வரியும் சேவையும் அடக்கம்.

அரிய ஒயினைச் சுவைத்துப் பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் முழு பாட்டில் எதற்கு? கோரவின் என்ற கருவி கார்க்கில் மெல்லிய ஊசி இறக்கி, ஆர்கான் வாயுவைச் செலுத்தி, பாட்டிலைத் திறக்காமலே ஒயினை எடுக்கிறது. அது 2013-இல் வந்த பிறகு பெரிய ஒயின்களைக் கோப்பைக் கணக்கில் தரும் உணவகங்கள் பெருகிவிட்டன. இருவருக்கும் ஒரு கோப்பை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். என்னைக் கேட்டால் திருமண நாளுக்கு அதுவே அழகு.

கேள்வி: என் கணவர் 1976-இல் பிறந்தவர். 50-வது பிறந்தநாளுக்கு அதே ஆண்டின் ஒயின் வாங்கித் தர வேண்டும். என் வரம்பு 200 யூரோ.
வாசகி, பாரிஸ்

பதில்: சிவப்பு போர்டோ தேடாதீர்கள். அந்த வருடம் கடும் வெயில், அறுவடை நேரத்தில் மழை. பெரும்பாலான பாட்டில்களுக்கு வயதாகிவிட்டது. ஜெர்மனியின் ரீஸ்லிங் திராட்சைக்கு 1976 அருமையான வருடம். மோசல், ரைன்காவ் பகுதிகளின் ஆஸ்லேசே, பேரன்ஆஸ்லேசே வகை இனிப்பு ஒயின்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆஸ்லேசே உங்கள் வரம்புக்குள் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. தேன் நிறத்துக்கு மாறியிருக்கும், அது கோளாறு அல்ல. போர்டோ பக்கத்திலேயே வேண்டுமென்றால் சொத்தேர்ன் இனிப்பு ஒயின்களுக்கும் அந்த வருடம் நல்லதுதான்.

கடையில் வாங்கினால் கார்க் கெட்டிருந்தால் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஏலத்தில் எடுத்தால் உள்ளது உள்ளபடிதான், மேலும் சுத்தி அடித்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் வேறு 20 சதவீதமோ அதற்கு மேலோ வரும். 200 யூரோ வரம்பு என்றால் 160-லேயே கையை இறக்கிவிடுங்கள். விருந்துக்கு இரண்டு நாள் முன் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். பழைய கார்க் நொறுங்கும், திருகு போடாமல் இரண்டு தகடு உள்ள திறப்பானால் மெதுவாக எடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் 15 வருடம் வேலை பார்த்துவிட்டு சென்னைக்குத் திரும்புகிறேன். என்னிடம் 40 நல்ல பாட்டில்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொண்டுபோக முடியுமா?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: பயணி ஒருவருக்குத் தீர்வையில்லாமல் இந்தியா அனுமதிப்பது 2 லிட்டர். சாதாரண 750 மில்லி பாட்டில் இரண்டு போகும், மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். 40 பாட்டிலை வீட்டுச் சாமானோடு அனுப்பினால் தீர்வையும் அனுமதிச் சிக்கலும் ஒயினின் விலையையே விழுங்கிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். நீண்ட காலம் வைக்கும் ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி வரை ஏற்றத்தாழ்வு இல்லாத குளிர்ச்சி வேண்டும். சென்னை மே மாதத்தில் ஏசி அணைத்த அறை ஒரு வாரத்தில் 20 வருட ஒயினைக் கெடுத்துவிடும். சமையலறை ஃபிரிட்ஜ் சில வாரத்துக்குச் சரி, வருடக்கணக்கில் வைத்தால் அந்த வறட்சியில் கார்க் சுருங்கும். ஒயின் அலமாரி வாங்கினால் மின்தடைக்கு இன்வெர்ட்டர் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலேயே வெப்பக் கட்டுப்பாடு உள்ள வாடகைக் கிடங்கில் விட்டுவிட்டுப் போங்கள். அங்கே தீர்வை விலையைப் பொறுத்தது அல்ல, ஆல்கஹால் அளவைப் பொறுத்தது, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). நீங்கள் கடையில் வாங்கியபோதே அது விலையில் சேர்ந்திருக்கும். கிடங்கில் வைக்கும்போது ஒவ்வொரு பாட்டிலையும் படம் எடுத்து, வாங்கிய பில்லோடு சேர்த்து வையுங்கள். பின்னால் விற்க நினைத்தால் கேட்கப்போவது அதைத்தான். சிங்கப்பூர் போய்த் திரும்பும்போதெல்லாம் இரண்டிரண்டாக எடுத்து வந்து, வந்த வாரமே குடித்துவிடுங்கள்.