நன்றாக இருக்கும்போது எதற்கு கொலோனோஸ்கோபி?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வேலைக்குப் போய்வருகிறேன். 2016-ல் ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு வந்தது. பரிசோதித்துவிட்டு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலின் இடது பக்கம் பாதித்திருக்கிறது என்றார்கள். மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன், அடிக்கடி ஒருவேளை மறந்துவிடுகிறது. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியை மறுபடி செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். போன தடவை பேதி மருந்தைக் குடிக்க முடியாமல் வாந்தி எடுத்து பாதியில் விட்டுவிட்டேன். குடல் சுத்தமாக இல்லை, சரியாகப் பார்க்க முடியவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். விளக்கெண்ணெய் குடித்தாலே போதுமே என்கிறார் என் மாமியார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் எடுக்கிறேன். நன்றாக இருக்கும் எனக்கு இந்தப் பரிசோதனை அவசியமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா? கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் இது வருமா?

பதில்: அவசியம். நன்றாக இருக்கிறீர்கள் என்பதால்தான் இப்போது செய்யச் சொல்கிறார்கள்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலின் உள்பூச்சில் வரும் அழற்சி. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தப் பூச்சைத் தாக்குகிறது. அழற்சி வருவதும் ஆறுவதுமாகப் பல வருடங்கள் போனால், அந்த இடத்துச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்மை மாறலாம். ஒரு சிலருக்கு அது பின்னால் புற்றுநோய் வரைக்கும் போகும். அந்த மாற்றம் வலிக்காது, ரத்தம் வராது, வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் நோய் தொடங்கி 8 வருடம் ஆனதும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெருங்குடலை ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றும் முறை. உங்களுக்கு 2016-ல் தொடங்கியது, அந்தக் கணக்கு தாண்டிவிட்டது. மலக்குடலோடு மட்டும் நின்றுவிட்ட நோயாக இருந்தால் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. உங்களுக்கு இடது பக்கம் வரை இருக்கிறது.

இன்னொரு விஷயம். அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது குடல் சிவந்து, வீங்கி, புண்ணாக இருக்கும். அந்தச் சமயத்தில் பயாப்ஸிக்குச் சின்னத் துணுக்கு எடுத்தால், செல்கள் அழற்சியால் அப்படித் தெரிகின்றனவா, உண்மையிலேயே மாறிவிட்டனவா என்று அதைச் சோதிக்கும் பெத்தாலஜி மருத்துவருக்கே குழப்பம் வரும். நோய் அடங்கியிருக்கும் நேரம்தான் இந்தப் பரிசோதனைக்குச் சரியான நேரம். அடுத்தது எப்போது என்பது இதில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சிலருக்கு ஒரு வருடத்தில், சிலருக்கு 5 வருடம் கழித்து. குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த இடைவெளி குறையும்.

சரி, பேதி மருந்துக்கு வருவோம். நீங்கள் பயப்படுவது இதற்குத்தான் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. குழாயை விட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலை. பரிசோதனை பலன் தருமா தராதா என்பது அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் உங்கள் வீட்டில் தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் நோயில் மாறிய இடம் பல சமயம் கட்டியாக எழும்பி நிற்காது, தட்டையாக, சுற்றியிருக்கும் உள்பூச்சின் நிறத்திலேயே இருக்கும். அதன்மேல் ஒரு ஸ்பூன் மலம் ஒட்டியிருந்தாலும் கேமரா அதைத் தாண்டிப் போய்விடும். சில இடங்களில் நீலச் சாயம் தெளித்துப் பார்ப்பார்கள். அழுக்கான குடலில் சாயம் தெளித்துப் பிரயோஜனமே இல்லை.

மூன்று நாள் முன்னாலிருந்தே சாப்பாட்டை மாற்றுங்கள். சக்கை சேரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொத்தவரங்காய், சுண்டல், கேழ்வரகு, கம்பு, தேங்காய்ச் சட்னி, எள்ளுப் பொடி, நிலக்கடலை எதுவும் வேண்டாம். விதை இருப்பவை இன்னும் மோசம். கொய்யா, தக்காளி விதை, கத்திரிக்காய், வெண்டைக்காய், சுண்டைக்காய் எல்லாம் நாள்கணக்கில் குடலில் தங்கும், குழாயின் வாயையும் அடைக்கும். ஆரோக்கியம் என்று நாம் தினமும் சொல்லிக்கொடுக்கும் சாப்பாடு எல்லாமே இந்த மூன்று நாளைக்கு மட்டும் ஆகாது. இட்லி, இடியாப்பம், வெள்ளைச் சோறு, தாளிக்காத தயிர்சாதம், வேகவைத்த முட்டை, மீன், தோல் சீவி வேகவைத்த உருளைக்கிழங்கு, இவை போதும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லி ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் பிசின் மாதிரி ஒட்டவைக்கும்.

முந்தைய நாள் முழுக்கத் தெளிந்த திரவம் மட்டும். இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், துணியில் வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத டீ அல்லது காபி, சக்கை இல்லாத சூப். மோர் தெளிந்த திரவம் இல்லை, பலரும் இதில்தான் தவறுகிறார்கள். பீட்ரூட், திராட்சை ஜூஸ், ரோஸ்மில்க் மாதிரி சிவப்பு, ஊதா நிறம் எதுவும் வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியும்.

மருந்து என்று பெரும்பாலும் எழுதித் தருவது பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி. பெக்லெக் போன்ற பெயர்களில் கிடைக்கும். ஒரு பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். போன தடவை நீங்கள் மொத்தத்தையும் சாயங்காலமே, அதுவும் வேகமாகக் குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த முறை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் முந்தைய நாள் மாலை 6 மணிக்கு மேல். மீதி 1 லிட்டர் பரிசோதனை அன்று விடியற்காலையில். 11 மணிக்குப் பரிசோதனை என்றால் 5 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடித்துவிடலாம். பிரித்துக் குடித்தால் வயிறும் தாங்கும், குடலும் நன்றாகச் சுத்தமாகும். இரவே மொத்தமாகக் குடித்துவிட்டால் காலைக்குள் சிறுகுடலிலிருந்து பித்தநீர் இறங்கி வலது பக்கக் குடலில் படிந்துவிடும். நீங்கள் எத்தனை மணிக்குக் குடித்து முடிக்க வேண்டும், தண்ணீரை எப்போது நிறுத்த வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லும் நேரத்தையே கடைசி வார்த்தையாக வையுங்கள்.

கலக்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சில்லென்று இருந்தால் உப்புச் சுவையும் வழவழப்பும் அவ்வளவாகத் தெரியாது. ஒரு டம்ளர் குடித்து, கால் மணி நேரம் விட்டு அடுத்த டம்ளர். ஸ்ட்ரா போட்டு நாக்கின் பின்பக்கம் படும்படி உறிஞ்சுங்கள். நடுவில் ஒரு எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொள்ளலாம். குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள். போன முறை வாந்தி எடுத்ததை இப்போதே டாக்டரிடம் சொன்னால் குமட்டலுக்கு ஒரு மாத்திரை முன்கூட்டியே எழுதித் தருவார். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பிறகு அடிக்கடி போகும். ஆசனவாயைச் சுற்றி முன்னாலேயே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டால் எரிச்சல் தெரியாது. டிஷ்யூ போட்டுத் துடைக்காமல் தண்ணீரில் கழுவி ஒற்றியெடுங்கள். அன்றைக்கு மெட்ரோ வாட்டர் வருமா, மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சிறுநீர் மாதிரி மஞ்சளாக, அடி தெரிகிற தெளிவில் தண்ணீராகப் போக வேண்டும். அப்படி ஆகாமல், கலங்கலாகவோ பழுப்பாகவோ போய்க்கொண்டிருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். விளக்கெண்ணெயில் பேதியாகும், குடல் சுவர் பளிச்சென்று தெரியும் அளவுக்குச் சுத்தமாகாது, வயிறும் பிசையும். நிலவாகைப் பொடியும் அப்படித்தான். மெடிக்கல் ஷாப்பில் "இது கொஞ்சம்தான் குடிக்கணும்" என்று சோடியம் பாஸ்பேட் கலந்த மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். குடலில் சின்னச் சின்னப் புண்களையும் உண்டாக்கும், அப்புறம் அது உங்கள் நோயா மருந்தின் வேலையா என்று தெரியாமல் போகும்.

சர்க்கரை மாத்திரையில் கவனமாக இருங்கள், இதைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். டாபாகிளிஃப்ளோசினைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகலாம். அதனால் பொதுவாக 3 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வோம். மெட்ஃபார்மினைத் திரவம் மட்டும் குடிக்கும் நாளிலிருந்து நிறுத்துவது வழக்கம். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் ஒரு வாரம் முன்பே தேதியைச் சொல்லி, எந்த மாத்திரையை என்று நிறுத்தி என்று தொடங்குவது என எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அன்று மூன்று நான்கு முறை பாருங்கள். 70-க்குக் கீழே போனால் தயங்காமல் குளுக்கோஸ் கரைத்துக் குடியுங்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிடுங்கள். மெசலமைனை நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டரைக் கேட்க வேண்டும்.

அன்று எலெக்ட்ரிக் ட்ரெயினில் கிளம்பாதீர்கள், அதில் கழிப்பறை கிடையாது. வீட்டிலிருந்து காரோ ஆட்டோவோ பிடியுங்கள், ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலுக்கும் நேரம் வையுங்கள். கூட ஒருவர் வர வேண்டும். மயக்க ஊசி போட்ட பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான காகிதத்தில் கையெழுத்தும் போடக்கூடாது. பரிசோதனை நடப்பதே உங்களுக்குத் தெரியாது. குடலின் உள்பூச்சுக்கு வெட்டுவலி கிடையாது என்பதால் பயாப்ஸி எடுப்பதும் வலிக்காது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். முடிந்ததும் வயிறு உப்புசமாக இருக்கும், காற்று பிரிந்தால் சரியாகிவிடும். இரண்டு இட்லி சாப்பிடலாம். அன்று லேசாக ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. வயிறு விறைத்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டியாகப் போனாலோ இரவு என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தனியாரில் செலவு கையைக் கடிக்கும் என்றால் சென்ட்ரல் எதிரில் இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல் சிறப்புப் பிரிவில் செய்கிறார்கள். முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்தலாமா என்றீர்கள். வேண்டாம். இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லாததற்கு அந்த மாத்திரை முக்கியமான காரணம். நிறுத்தியவர்களில் பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பிவிடுகிறது. இரண்டு வேளையாக எடுப்பதில் ஒன்று மறந்துபோகிறதென்றால், மொத்த அளவையும் ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நோய் அடங்கியிருக்கும்போது அதுவும் அதே பலன் தரும். வருடம் ஒரு முறை, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் பாருங்கள். இடுப்புவலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிச் சாப்பிடாதீர்கள், அவை நோயைக் கிளப்பிவிடும். பாராசிட்டமால் போதும். ட்ரெயின் பெட்டியில் "மூலம், பௌத்திரம் பூரண குணம்" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, ரத்தம் வந்தால் அங்கே போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்களுக்கு மறுபடி ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

சாப்பாட்டில் இது ஆகாது, அது ஆகாது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போகாதீர்கள். நோய் அடங்கியிருக்கும்போது கீரையும் காய்கறியும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். நோய் மறுபடி கிளம்பினால் அப்போது குறைத்துக்கொள்ளலாம். ட்ரெயினில் வழியில் அவசரம் வந்துவிடுமோ என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நீங்களும் அப்படிச் செய்தால் சர்க்கரை மாத்திரையோடு அது ஒத்துவராது. பரங்கிமலை, கிண்டி, எழும்பூர் மூன்றிலும் இறங்கினால் மெட்ரோ நிலையக் கழிப்பறை இருக்கிறது. ஒரு செட் உடையும் பேடும் பையில் இருக்கட்டும். ஆபீசில் ஒரு தோழியிடமாவது நோயைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரு தொந்தரவும் இல்லாமல் அவளுக்குப் பரிசோதனை எதுவும் வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது வந்தால் அம்மாவுக்கு இந்த நோய் இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.