நெஞ்சில் துணி கட்டாதீர்கள், இடுப்பைப் பிடியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மூளை முடக்குவாதம். தலை ஓரளவு நிற்கும், தானாக உட்காரமாட்டான். வலிப்புக்கும் மருந்து கொடுக்கிறோம். முகாமில் கொடுத்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே வழுக்கி வழுக்கி இறங்கிவிடுகிறான். அதனால் துப்பட்டாவால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கிறோம். ஒரு கடையில் 48,000 ரூபாய்க்கு வெளிநாட்டு ஸ்ட்ரோலர் காட்டி, ‘இதில் வழுக்கவே வழுக்காது, உட்கார்ந்தபடியே பள்ளி வேனிலும் ஏற்றலாம்’ என்கிறார்கள். நகையை வைத்தாவது வாங்கிவிடலாமா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நகையை வைக்காதீர்கள் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் அந்தத் துப்பட்டா. அதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பிள்ளை வழுக்கும்போது உடம்பு கீழே இறங்கும். நெஞ்சில் கட்டிய துணி நாற்காலியோடு அதே உயரத்தில் நிற்கும். உடம்பு இறங்க இறங்க, நெஞ்சில் இருந்த துணி அக்குளுக்கு வரும், அக்குளைத் தாண்டினால் கழுத்துதான். நீங்கள் அடுப்படியில் இருக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் இது நடந்துவிடும். உங்கள் மகனால் கூப்பிட முடியாது, கையை உள்ளே விட்டுத் தளர்த்திக்கொள்ளவும் முடியாது. பாரம் ஏறிய துணி முடிச்சு இறுகிப்போகும், பதற்றத்தில் அவிழ்க்க வராது. கடையில் விற்கும் அழகான நெஞ்சுப் பட்டைக்கும் இதே ஆபத்து உண்டு. இடுப்பில் பெல்ட் போடாமல் நெஞ்சுக்கு மட்டும் எதைப் போட்டாலும் அது கழுத்துக்கு வரும். நெஞ்சுப் பட்டை உடம்பு முன்னால் சாயாமல் இருக்க மட்டும்தான். வழுக்குவதை நிறுத்துவது இடுப்பு பெல்ட்.

இடுப்பு பெல்ட் என்றதும் பலர் வயிற்றைச் சுற்றிப் போடுகிறார்கள். அது தவறு. சாய்மானமும் இருக்கையும் சேரும் மூலையில் இருந்து பெல்ட் கிளம்பி, சரிவாக மேலே வந்து, இடுப்பெலும்புக்குக் கீழே தொடை தொடங்கும் மடிப்பில் படிய வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு தெரியும். பெல்ட்டுக்கு அடியில் உங்கள் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. முதலில் பிள்ளையின் பின்புறத்தைச் சாய்மானத்தோடு ஒட்டித் தள்ளி உட்கார வையுங்கள். உடனே இடுப்பு பெல்ட். பிறகு பாதங்களைத் தட்டில் வையுங்கள். நெஞ்சுப் பட்டை கடைசியில்தான். இறக்கும்போது தலைகீழ்: நெஞ்சுப் பட்டை முதலில் கழற்ற வேண்டும், இடுப்பு பெல்ட் கடைசியில். கழற்றுவதற்கு ஒரே அழுத்தில் திறக்கும் பக்கிள் இருக்கட்டும். உங்கள் நாற்காலியில் பெல்ட் இல்லையென்றால், பை தைப்பவரிடம் கொடுத்து அகலமான நைலான் பட்டையில் தைத்து, நாற்காலிச் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் செலவாகாது.

கால்களுக்கு நடுவே ஒரு கட்டை வைத்த நாற்காலிகள் உண்டு. அந்தக் கட்டை வழுக்குவதைத் தடுக்கும் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். அது முட்டிகள் ஒட்டாமல் அகற்றி வைப்பதற்கு. அதில் போய் முட்டி நிற்கும்படி பிள்ளையை விட்டால் மென்மையான இடத்தில் புண்தான் வரும்.

இனி அவன் ஏன் வழுக்குகிறான் என்று பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், இருக்கை அவனுக்கு ஆழம் (சாய்மானத்தில் இருந்து முன் விளிம்பு வரை உள்ள நீளம்) அதிகம் என்றுதான் நினைக்கிறேன். இருக்கையின் முன் விளிம்பு முட்டிக்குப் பின்னால் போய் இடித்தால், பிள்ளை காலை மடக்குவதற்காக இடுப்பை முன்னால் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து சரிவுதான். ஒரு மரப் பெஞ்சில் அவனை நேராக உட்காரப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய புத்தகத்தை நிறுத்தி வையுங்கள். புத்தகத்தில் இருந்து முட்டியின் பின் மடிப்பு வரை டேப்பால் அளந்து, அதில் இரண்டு விரல் அகலத்தைக் கழியுங்கள். அதுதான் இருக்கையின் ஆழம். அகலம், இடுப்பின் அகலத்தோடு பக்கத்துக்கு ஒரு விரல். முட்டியில் இருந்து குதிகால் வரை இருக்கும் அளவுதான் கால் தட்டு இருக்க வேண்டிய இடம். பாதம் தொங்கினாலும் வழுக்கும். தட்டு ரொம்பத் தள்ளி முன்னால் இருந்தாலும் தொடையின் பின் தசை இழுத்து வழுக்கும்.

பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பெரிதாகத் தைப்பதுபோல் நாற்காலியையும் ‘வளரும் பிள்ளைதானே’ என்று பெரிதாக வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பெரிய நாற்காலியில் பிள்ளை வளராது, வளையும். முதுகெலும்பு ஒரு பக்கம் கோணுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதுள்ள நாற்காலியையே சரிசெய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும். துணி இருக்கை தொட்டில்போல் நடுவில் தொய்ந்திருந்தால் அதன்மேல் அளவாக வெட்டிய பிளைவுட் பலகை, அதன்மேல் கெட்டியான ஸ்பாஞ்ச். ஆழம் அதிகமென்றால் முதுகுக்குப் பின்னால் அதே கெட்டி ஸ்பாஞ்சைத் தேவையான தடிமனில் வெட்டி, நகராமல் கட்டி வையுங்கள். தலையணை, இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் அமுங்கிவிடும், பயன் இல்லை.

ஒரு பக்கக் கால் மட்டும் குட்டையாகத் தெரிந்தாலோ, தொடையை விரித்தால் அழுதாலோ நாற்காலியைக் குறை சொல்வதற்கு முன் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுவது சாதாரணமாக நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் காட்டுங்கள்.

முகாமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அளவெடுக்கும் முகாம் ஒரு நாள் நடக்கும். நாற்காலி கொடுக்கும் விழா பல மாதம் கழித்து நடக்கும். அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும். அன்றைக்கு மேடையில் பெயர் வாசிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். பிள்ளையை அதில் உட்கார வைத்து பெல்ட் எங்கே படிகிறது என்று பார்க்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை எந்த அட்டவணையிலும் போடுவதில்லை. கொடுத்த எண்ணிக்கை அறிக்கையில் வந்துவிடுகிறது, பிள்ளை சரியாக உட்கார்ந்ததா என்பது எங்கும் வருவதில்லை. எத்தனையோ நாற்காலிகள் திண்ணையில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக நிற்பதை வீடு வீடாகப் பார்க்கிறேன். குற்றம் பெற்றோருடையது அல்ல.

‘ஒருமுறை வாங்கினால் 3 வருடம் கழித்துத்தான் மறுபடியும்’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் (அடிப் திட்டம் என்பார்கள், 1981 முதல் இருக்கிறது) அந்த 3 வருடம் பெரியவர்களுக்கு. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 1 வருடம் போதும், வளர்வதால் வைத்த விதி அது. வருமான வரம்பு உண்டு. தமிழக அரசு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்றே தனி வகை நாற்காலி கொடுக்கிறது. சாதாரண மடக்கு நாற்காலியைக் கொடுத்தால் ‘மூளை முடக்குவாதத்துக்கான சிறப்பு சக்கர நாற்காலி’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பள்ளியில் பெயர் இருந்தால் வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் இருப்பார். அவரை வைத்து அளவை எழுதி வாங்கி மனுவோடு இணையுங்கள். அலுவலகத்தில் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அந்த வாசலிலேயே ஒருவர் நிற்பார். ‘அட்டை நகலைக் கொடுங்கம்மா, நான் முடித்துத் தருகிறேன்’ என்பார். கொடுக்காதீர்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் பிள்ளையின் அடையாள அட்டையும் ஆதாரும் வேறு ஆள் கைக்குப் போனால், அவன் பெயரில் உபகரணம் வாங்கியாகிவிட்டது என்று பதிவாகிவிடும், பிறகு நீங்கள் எதைக் கேட்டாலும் அந்தப் பதிவைக் காட்டுவார்கள். எங்கே நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் உடம்பில் டேப்பை வைக்காமலேயே ‘வழுக்காது’ என்று சொன்னாரென்றால் அவருக்கு விற்பதில்தான் அக்கறை. பரிந்துரைத்த தெரபிஸ்டுக்கு அதில் பங்கு இருந்தால் இன்னும் மோசம், அதுவும் நடக்கிறது. சாய்ந்து படுக்கும் வகை ஸ்ட்ரோலரைக் காட்டி ‘வசதியாக இருப்பான்’ என்பார்கள். முதுகு மட்டும் பின்னால் சாயும் வண்டியில், கை கால் விறைக்கும் பிள்ளை முன்னைவிட அதிகமாக வழுக்கும். இருக்கையும் முதுகும் சேர்ந்தே, கோணம் மாறாமல் பின்னால் சாய்கிற வண்டி வேறு. அதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு உதவும். இரண்டையும் கண் முன்னால் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். முன் சக்கரம் உடைந்தால் உதிரி எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் சக்கர நாற்காலிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 18 சதவீதம் போட்டு பில் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். பில்லே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘உட்கார்ந்தபடியே வேனில்’ என்பதை நம்பவே கூடாது. பிள்ளையோடு வாகனத்தில் ஏற்றக்கூடிய நாற்காலி என்றால், 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துச் சோதித்திருக்க வேண்டும். அதற்கான சர்வதேசத் தர எண், ஐஎஸ்ஓ 7176, பகுதி 19 என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும். சட்டத்தில் நான்கு மூலையிலும் கொக்கி மாட்ட இடம் குறித்திருக்கும். வண்டியில் அது இருந்தாலும் வேனின் தரையில் அதற்கான நான்கு பட்டைகளும், பிள்ளைக்குத் தனி சீட் பெல்ட்டும் வேண்டும். நம் ஊர்ப் பள்ளி வேன்களில் நான் இவற்றைப் பார்ப்பதே அரிது. கயிறு போட்டுக் கட்டினால் திடீர் பிரேக்கில் வண்டியும் பிள்ளையும் சேர்ந்து பறக்கும். பக்கவாட்டில் திருப்பி நிறுத்துவது இன்னும் ஆபத்து. அதனால் அவனைத் தூக்கி, முன்னோக்கிய வேன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நாற்காலியை மடக்கித் தனியே கட்டுங்கள். பள்ளிக்குப் போய்வர போக்குவரத்துப் படியும் உடன்வருவோர் படியும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு, தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

வலிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆபத்தென்றால் பெல்ட்டைச் சட்டென்று கழற்ற வேண்டும் என்பது பொது விதி. வலிப்புக்கு அந்த விதி பொருந்தாது. நாற்காலியில் இருக்கும்போது வலிப்பு வந்தால் பதறிப்போய் பெல்ட்டைக் கழற்றி இழுத்துத் தரையில் போடாதீர்கள். துள்ளும் பிள்ளையை ஒரு ஆளால் தூக்க முடியாது, கீழே விழுந்துதான் தலையில் அடிபடும். சக்கரத்தை லாக் செய்யுங்கள். இடுப்பு பெல்ட் அப்படியே இருக்கட்டும். நெஞ்சுப் பட்டை கழுத்துப் பக்கம் ஏறியிருந்தால் அதை மட்டும் கழற்றுங்கள். தலை பின்னால் இடிக்காமல் உங்கள் கையையோ மடித்த துண்டையோ கொடுத்து, எச்சில் வெளியே வடியும்படி முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பிப் பிடியுங்கள். இரும்புச் சாவி, ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. இதிலும் ஒரு விலக்கு உண்டு: வாந்தியோ சோறோ தொண்டையில் அடைத்து மூச்சு வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் அப்போது இறக்கியே ஆக வேண்டும். வலிப்பின் நடுவிலேயே, இரண்டு பேராகப் பிடித்து, பெல்ட்டைக் கழற்றி ஒருக்களித்துக் கிடத்துங்கள். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மற்ற நேரங்களில் துள்ளல் நின்ற பிறகு இறக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். பள்ளி ஆயாவுக்கும் இதை ஒருமுறை நாற்காலியை வைத்தே செய்து காட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் முன் பிரேக் போட்டிருக்க வேண்டும், கால் தட்டு மடக்கியிருக்க வேண்டும், தட்டின்மேல் யாரும் மிதிக்கக் கூடாது. கைப்பிடியில் புத்தகப் பையும் காய்கறிப் பையும் மாட்டினால், பிள்ளையைத் தூக்கிய கணம் வண்டி பின்னால் சாயும். பிள்ளை இருக்கும்போதும் மேட்டில் சாயும். சரிவில் இறங்கும்போது நீங்கள் முன்னால், வண்டி பின்னால் என்று பின்பக்கமாகவே இறக்குங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் சாய்தளம், பள்ளியில் மூன்று அடியில் சிமெண்ட் பூசி வைத்திருந்தால் இரண்டு பேர் இல்லாமல் ஏற்றாதீர்கள். மணிக்கணக்கில் நாற்காலியிலேயே விடாதீர்கள், இடையிடையே பாயில் கிடத்துங்கள். இறக்கியதும் பின்புறம் சிவந்திருந்து அரை மணி நேரத்தில் மாறவில்லை என்றால் அந்த இடத்தில் நாற்காலி அழுத்துகிறது.

ஸ்ட்ரோலருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். நாற்காலியில் பலகை, ஸ்பாஞ்ச், இடுப்பு பெல்ட் மூன்றையும் போட்டு ஒரு மாதம் பாருங்கள். அப்படியும் வழுக்கினால் அளவுச் சீட்டோடு சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். இப்போதுள்ள நாற்காலியையும் உடன் எடுத்துப் போங்கள், அதில் அவன் உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.