விமானி பதில்கள்: கண்ணாடியில் நகராத புள்ளி

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் விமானி பயிற்சி எடுக்கிறாள். அங்கே எந்நேரமும் பயிற்சி விமானங்கள் பறந்துகொண்டே இருக்குமாம். 1996-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் மோதிய செய்தி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய வானத்தில் எப்படி மோதிக்கொள்கிறார்கள்?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். ஃபீனிக்ஸுக்கு வடக்கே டீர் வேலி விமான நிலையத்தில் 9 வருடம் பயிற்சியாளராக இருந்தவன் நான்.

வானம் பெரிதுதான். ஆனால் ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை எவ்வளவு பெரிய ஊராக இருந்தால் என்ன, கூட்டமெல்லாம் ரத வீதியில்தானே நிற்கிறது? அங்கேயும் அப்படித்தான். நகரத்துக்கு மேலே பெரிய விமானங்களுக்கான வான்பகுதி கூரை மாதிரி கவிந்திருக்கும். மேற்கே லூக் விமானப்படைத் தளம், எஃப்-35 போர் விமானங்கள். மிச்சமிருக்கும் இடத்தில்தான் இத்தனை பயிற்சிப் பள்ளிகளும் பறக்க வேண்டும். ப்ளெசன்ட் ஏரியின் அணைக்கட்டு எல்லோருக்கும் நல்ல அடையாளம். அதனாலேயே எல்லோரும் அங்கேதான் வந்து சேருவார்கள்.

சர்க்கி தாத்ரியில் 349 பேர் இறந்த பிறகு, மோதலை முன்கூட்டிச் சொல்லும் கருவியைப் பெரிய விமானங்களுக்கு இந்தியா கட்டாயமாக்கியது. ‘ஏறு’, ‘இறங்கு’ என்று அதுவே விமானிக்குச் சொல்லிவிடும். சிறிய பயிற்சி விமானங்களில் பொதுவாக அது கிடையாது. கண்ணையும் காதையும்தான் நம்ப வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தாலும் அப்படித்தான். 2021 அக்டோபர் 1 அன்று ஃபீனிக்ஸை அடுத்த சாண்ட்லரில், கோபுரம் உள்ள விமான நிலையத்திலேயே, ஒரு பயிற்சி விமானமும் பயிற்சி ஹெலிகாப்டரும் மோதின. ஹெலிகாப்டரில் இருந்த 2 பேரும் இறந்துபோனார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அடுத்த முறை மகள் பேசும்போது, ‘பத்திரமாப் பற’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ‘இன்னைக்கு எத்தனை விமானத்தை நீ முதல்ல பார்த்தே, எத்தனையை உன் சார் முதல்ல பார்த்தார்?’ என்று கேளுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவே அவள் எண்ண ஆரம்பிப்பாள்.

கேள்வி: சுற்றியுள்ள விமானங்களெல்லாம் ஐபேட் திரையிலேயே தெரிகின்றன. அப்புறமும் வெளியே பார், வெளியே பார் என்று பயிற்சியாளர் ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்?
– மதுரை மாணவர், இப்போது அரிசோனாவில்

பதில்: தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மே மாத மதியம், அந்த ஏரி அணைக்கு வடக்கே 4,500 அடி உயரத்தில் என் மாணவர் மெதுவேகப் பறத்தல் செய்துகொண்டிருந்தார். மூக்கு தூக்கியிருக்கும் நிலை, முன்னால் பாதி மறைந்திருக்கும். ஐபேட் வெயிலில் சூடாகி அணைந்துவிட்டது. முன்கண்ணாடியில், நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஒரு கரும்புள்ளி. பூச்சி அடித்த கறை என்றுதான் நினைத்தேன். அது நகரவே இல்லை. திடீரென்று அந்தக் கறைக்கு இறக்கை முளைத்தது. கன்ட்ரோலை வாங்கி மூக்கைக் கீழே தள்ளி வலப்பக்கம் சாய்த்தேன். தலைக்கு மேலே போன விமானத்தின் வயிற்றில் எண்ணெய் வழிந்த கோடுகூடத் தெரிந்தது. அந்த விமானம் கொஞ்சமும் திரும்பவில்லை. எங்களை அவர்கள் பார்க்கவே இல்லை.

நகராத புள்ளிதான் ஆபத்து. கண்ணாடியில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து போகிற விமானம் உன்னைக் கடந்து போய்விடும். ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வருவது உன்மேல்தான் வருகிறது. நம் கண்ணோ நகர்வதைத்தான் உடனே பிடிக்கும், நிற்பதை விட்டுவிடும்.

பார்த்து, புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பி முடிக்க 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத்துறையின் கணக்கு. தலா 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால் அந்த நேரத்துக்குள் 1.3 கிலோமீட்டர் கரைந்துவிடும். அவ்வளவு தொலைவில் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் 11 மீட்டர் இறக்கை, நீட்டிய கையில் பிடித்த பச்சைப்பயறு அளவுதான் தெரியும். அந்தப் பயறைத்தான் நீ தேட வேண்டும்.

அதனால் கண்ணை ஓடவிடாதே. 10 பாகைக்கு ஒரு தடவை நிறுத்து, ஒரு நொடியாவது பார், அப்புறம் அடுத்த துண்டு. வெறும் நீல வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கிட்டத்திலேயே குவிந்து நின்றுவிடும். ஒரு தூரத்து மலையைப் பார்த்துவிட்டு வானத்துக்குத் திரும்பு. செஸ்னாவில் திரும்பும்போது தாழும் இறக்கை, நீ போகப்போகிற பக்கத்தையே மறைத்துவிடும். அதனால் முதலில் அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பு.

திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் தேடுவது என்று அது சொல்லும். அந்தத் திசையில் தேடியும் விமானம் கிடைக்கவில்லையா, காத்திருக்காதே, உயரத்தையோ திசையையோ மாற்று. ஆனால் எல்லாமே திரையில் வராது. 2020 ஜனவரி 1 முதல் நெரிசலான வான்பகுதிகளில் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி கட்டாயம்தான். ஆனால் வெப்பக்காற்று பலூனுக்கும் சில பழைய விமானங்களுக்கும் விலக்கு உண்டு. குளிர்காலக் காலை நேரத்தில் வடக்கு ஃபீனிக்ஸில் பலூன்கள் வரிசையாக எழும்புவதை நீயே பார்ப்பாய்.

இன்னொன்று. அன்றிலிருந்து என் பையில் எப்போதும் ஒரு பருத்தித் துணி இருக்கும். என்ஜினைக் கிளப்புவதற்கு முன் முன்கண்ணாடியைத் துடைத்துவிடுவேன், ஒரு பூச்சிக் கறைகூட மிச்சம் வைக்க மாட்டேன். நீயும் துடை.

கேள்வி: வேறொரு விமானத்தை நான் பார்த்துவிட்டால் பயிற்சியாளரிடம் சொல்லலாமா? அதிகப்பிரசங்கி என்று நினைப்பாரோ?
– மாணவி, கரூர்

பதில்: சொல்லம்மா, சத்தமாகச் சொல். டீர் வேலியில் இரண்டு ஓடுதளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இணையாக இருக்கும்: மேற்கு நோக்கி இறங்கும்போது தெற்கே இருப்பது ‘25 இடது’, வடக்கே இருப்பது ‘25 வலது’. ஒருநாள் தெற்கேயிருந்து 25 இடது ஓடுதளத்துக்கு நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். 25 வலதுக்கு வடக்கேயிருந்து வந்த விமானம், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் எங்கள் பாதைக்குள் வந்துவிட்டது. நான் கடைசியில்தான் பார்த்தேன், விலகிப் போனோம். இறங்கிய பிறகு மாணவர் மெதுவாகச் சொன்னார்: “நான் முன்னாடியே பார்த்துட்டேன் சார். நீங்களும் பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்.”

தப்பு அவர்மேல் இல்லை. வாயைத் திறந்து சொல்லலாம் என்று நான் அவருக்குச் சொல்லியே தரவில்லை. அதற்கப்புறம் எந்த மாணவர் வந்தாலும், முதல் நாள் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன், விமானம் நிற்கும் இடத்திலேயே நிற்க வைத்து, “டிராஃபிக், இரண்டு மணி திசை, நம்ம உயரம்!” (விமானத்தின் மூக்கு 12 மணி என்று வைத்தால், இரண்டு மணி என்பது வலப்பக்கம் முன்னால்) என்று பக்கத்து விமானத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொல்ல வைப்பேன்.