காணி உறுதியில் கையெழுத்து வைப்பதற்கு முன்

சுன்னாகத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகன் கணிதப் பிரிவில் இரண்டாவது தடவையும் எழுதி, பொறியியல் அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளி காணாமல் நிற்கிறார். கனடாவுக்கு அனுப்பி விடலாம் என்கிறார் ஒரு ஏஜென்சிக்காரர். அதற்கு உங்கள் சீதனக் காணியை வைத்துக் காசு எடுக்கலாம் என்பது கணவரின் யோசனை. மகனோ போனில் ஒரு ட்ரேடிங் ஆப்பைக் காட்டி, இதில் போட்டால் காணியில் கை வைக்கவே தேவையில்லை என்கிறார். உங்களுக்கு என்றால், பிள்ளை இன்னொரு வருடம் ரியூசன் போய் மூன்றாம் தடவை எழுதட்டும் என்றிருக்கிறது. இந்த நான்கில் பயமில்லாத வழி எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயமில்லாத வழி என்று ஒன்றும் இல்லை, அம்மா. ரியூசனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நான்கும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. சரிவந்தால் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள். பிழைச்சுப் போனால் கையில் என்ன மிஞ்சும் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

காணியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி உங்கள் சீதனக் காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதுபோலவே, உங்கள் கையெழுத்து இல்லாமல் அவரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நொத்தாரிசிடம் போனால் கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: எழுதப்போவது ஈட்டு (அடமான) உறுதியா, அறுதி (விற்பனை) உறுதியா? ஈடு என்றால் காணி உங்கள் பெயரில்தான் இருக்கும். கடன் தந்த தனியாள் அதை விற்க வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும், உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் பலர் இப்போது ஈட்டை விரும்புவதில்லை. "பெயருக்கு அறுதியாக எழுதுவோம், குறித்த காலத்துக்குள் காசைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவேன்" என்பார்கள். அப்படி எழுதினால் அன்றைக்கே காணி அவருடையது. தவணை ஒரு மாதம் பிந்தினாலும் திருப்பிக் கேட்க உங்களுக்குப் பெரிதாக வழி இல்லை. சிலர் அந்த நிபந்தனையைக்கூட உறுதியில் எழுதாமல் வாயால் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். காணி விடயத்தில் வாய்ச்சொல் சட்டப்படி செல்லாது. மகன் கனடாவில் இறங்கி வேலை எடுத்து முதல் காசு அனுப்ப எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஏஜென்சிக்காரருக்கே தெரியாது. வட்டிக்காரருக்கு மட்டும் திகதி தெரியும்.

இனி அந்த ஏஜென்சிக்காரர். "அனுப்பி விடலாம்" என்ற பேச்சை விடுங்கள். எந்த விசாவில் என்று கேளுங்கள். மாணவர் விசா என்றால் கணக்கு இப்படி இருக்கிறது. படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு வருடச் சீவியத்துக்குக் காட்ட வேண்டிய பணம் நீண்ட காலமாக 10,000 கனேடிய டொலராக இருந்தது. 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டெம்பரில் இருந்து 22,895. அதே 2024இல் மாணவர் அனுமதிகளுக்கு ஓர் உச்ச எண்ணிக்கையும் வைத்தார்கள். படித்து முடித்ததும் வேலை அனுமதி எடுக்கலாம் என்பதும் எல்லாப் படிப்புக்கும் இப்போது பொருந்தாது. அரச கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி நடத்துகிற தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேர்பவர்களுக்கு 2024 மே மாதத்தோடு அந்த வாய்ப்பு நின்றுவிட்டது. அதனால் கல்லூரியின் பெயரும் பாடநெறியின் பெயரும் எழுத்தில் வேண்டும். "ரொறன்ரோவில் நல்ல கொலிஜ்" என்பது பதில் இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் வங்கிக் கடிதத்தில் இருக்கிறது. அவ்வளவு பணம் இல்லாத வீட்டுக்கு, இருப்பதுபோல் ஒரு கடிதம் "செய்து தரலாம்" என்பார்கள். இது ஊரில் சாதாரண விடயம் போலப் பேசப்படுகிறது. பொய்யான ஆவணம் கொடுத்தது பிடிபட்டால் கனடா 5 வருடத் தடை போடும், பிரித்தானியா 10 வருடம் வரை போடலாம். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் மகனின் பெயர், ஏஜென்சிக்காரரின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. இருபது வயதுப் பிள்ளை பிறகு நேர்மையாகப் படித்து, நேர்மையாக விண்ணப்பித்தாலும் அந்தப் பதிவு அவருக்கு முன்னாலே போய் நிற்கும். காணியை ஒருவேளை எப்பாடுபட்டாவது மீட்கலாம், இதை மீட்க முடியாது.

விசாவே இல்லாமல், "வேறு வழியால்" என்று பேச்சு வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் கனடாவில் போய் இறங்கவில்லையா என்று கேட்பார்கள். இறங்கினார்கள்தான். பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள், 2012இல் கனடா சட்டத்தையே இறுக்கிவிட்டது. அதே கனடாக் கனவோடு புறப்பட்ட 303 பேர் 2022 நவம்பரில் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டதும், அவர்களில் ஒருவர் அங்கேயே உயிரிழந்ததும் நீங்கள் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பா என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளைகள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாக வடக்கில் குடும்பங்கள் முறையிட்டதும் அண்மைக் கதைதான். வேலை விசா என்று சொன்னால், அனுப்புபவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமமும் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கான அங்கீகாரமும் இருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து விசாரிக்கலாம், தயங்க ஒன்றுமில்லை.

"பெரியப்பா போய் நல்லாத்தானே இருக்கிறார்" என்று மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் போனது 1983க்குப் பிறகு, அகதியாக ஏற்கும் கதவு திறந்திருந்த காலம். இன்னொன்றும் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வான் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவர்கள் எல்லாம் போய் வென்றவர்கள். தோற்றவர்களுக்கு வர விசா இல்லை, காசு இல்லை, முகமும் இல்லை. அவர்களையும் பார்த்திருந்தால் உங்கள் மகன் வேறு மாதிரிக் கணக்குப் போட்டிருப்பார்.

ட்ரேடிங் ஆப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆட்களைச் சேர்த்தால் கூடக் காசு வரும் என்று அதில் இருந்தால், அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டத்தின்படி நடத்துவது மட்டுமல்ல, பரப்புவதும் குற்றம். மகன் தன் வகுப்புப் பிள்ளைகள் யாரையாவது ஏற்கனவே சேர்த்துவிட்டாரா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். கோபப்பட்டால் சொல்ல மாட்டார்.

சரி, ரியூசன். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை மூன்று தடவைதான் எழுதலாம், ஆகவே இது கடைசி. அனுமதியில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படையில் போக, 55 வீதம் மாவட்ட அடிப்படையில். மகன் போட்டியிடுவது பெரும்பாலும் யாழ் மாவட்டப் பிள்ளைகளோடுதான், அவர்களும் இரவு பத்து மணிவரை ரியூசனில் இருப்பவர்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஒரு பாடம் மட்டும் இழுத்து விழுத்தியிருந்தால் மூன்றாம் தடவைக்கு அர்த்தம் இருக்கிறது. மூன்று பாடமும் அதே இடத்தில் நின்றால், நீங்கள் வாங்கப்போவது ஒரு வருடத் தள்ளிப்போடல்.

எழுதினாலும், வேறொன்றுமில்லாமல் எழுத வேண்டாம். கணிதப் பிரிவில் சித்தி பெற்றவருக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது, மூன்று வருடம், தொழிற்பயிற்சியும் அதற்குள் அடங்கும். அதைப்பற்றி எங்கள் பெற்றோரில் பாதிப்பேர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். யாழ்ப்பாணத்து உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பமும் கணக்கியலும் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிற அதே இடத்திலேயே, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே மின், வாகனத் தொழில்நுட்பம் படித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வருகிற பிள்ளையை "மெக்கானிக்" என்று ஒழுங்கையில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தச் சான்றிதழோடு நாலு வருடம் வேலை பார்த்து, ஆங்கிலமும் படித்துக்கொண்டு கனடாவுக்கோ வேறு நாட்டுக்கோ விண்ணப்பிக்கிறவரைத் தூதரகம் வேறு கண்ணால் பார்க்கும். வெளிநாடு போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது வயதில், பொய்க் கடிதத்தோடு, அறுதி எழுதிய காணியோடு போக வேண்டாம் என்கிறேன்.

மகனோடும் கணவரோடும் ஒருநாள் வாருங்கள். இரண்டு தடவையினதும் பெறுபேற்றுத் தாள், காணி உறுதியின் ஒரு பிரதி, ஏஜென்சி ஏதாவது எழுதித் தந்திருந்தால் அந்தக் கடதாசி, இவ்வளவும் போதும். அதுவரை முற்பணம் கொடுக்க வேண்டாம், மகனின் கடவுச்சீட்டையும் அவர்களிடம் விட்டுவிட்டு வர வேண்டாம். ஏற்கனவே கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.